வால் போனபின் பத்து நிமிடம்

மார்ச் 6, வியாழன்

இன்றிலிருந்து எழுதுகிறேன். எனக்கு எழுதுகிற பழக்கமும் கிடையாது, ஆசையும் கிடையாது. எங்கள் படகோட்டிகள் சங்கச் செயலாளர் தில்லையம்பலம் காலையில் வீட்டுக்கு வந்து, "பத்தி, விசாரணை எண்டு வந்தாப் பிறகு வாய்க்கதை எடுபடாது. நாள் போட்டு நடந்ததை நடந்தபடி ஒரு கொப்பியில எழுதி வை. கேட்டா எடுத்துக் குடு" என்றார். கொப்பியையும் அவரே கொண்டுவந்தார். முன் மட்டையில் வாத்துப் படம் போட்டிருக்கிறது. நாற்பத்தொன்பது வயதில் எனக்கு வாத்துக் கொப்பி.

எழுதுகிறவன் பத்திநாதன். திருகோணமலை, உப்புவெளிக் கரை. 'ஆரோக்கியமாதா' என்ற படகில் வெளிநாட்டுச் சனத்தை ஏற்றிக்கொண்டு போய்த் திமிங்கிலம் காட்டிவிட்டு, திரும்பும் வழியில் புறாத்தீவில் இறக்கிப் பவளப்பாறை பார்க்க விடுவது என் தொழில். வனசீவராசிகள் காரியாலயத்திலிருந்து நேற்றுக் கடிதம் வந்தது. மார்ச் முதலாம் திகதி என் படகு ஒரு திமிங்கிலக் குட்டியைக் காயப்படுத்தியதாக யாரோ முறைப்பாடு கொடுத்திருக்கிறான். பெயர் போடவில்லை, கோழை. ஆனால் வெட்டுக்காயத்தோடு ஒரு குட்டியின் படம் இணைத்திருப்பதால் விசாரிக்கிறார்களாம். ஏப்ரல் 10 விசாரணை. உண்மையென்று கண்டால் அனுமதிப்பத்திரம் ரத்து. நான் வலையெல்லாம் விற்றுத்தான் இந்தப் படகை எடுத்தவன். அனுமதி போனால் எனக்குக் கடலில் வேலை இல்லை.

நடந்தது இது. எங்கள் கரையில் ஒரு ஒழுங்கு உண்டு. திமிங்கிலம் ஊதுகிற நீரை முதலில் காண்கிற படகு சிவப்புச் சீலையை உயர்த்தும். பதினைந்து நிமிடம் அந்தப் படகுதான் கிட்டப் போகலாம். மற்றவர்கள் இஞ்சினை நிறுத்திவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அன்று சீலையை உயர்த்தியவன் எமிலியான். அவன் என் மனுசி மெற்றில்டாவின் தம்பி, 'விடிவெள்ளி' படகுக்காரன். அதற்கு முதல் இரண்டு நாளும் அவன்தான் உயர்த்தினான். கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு நிற்பான் போல. நான் ஒழுங்கை மீறவில்லை. என் கடிகாரத்தில் பதினைந்து நிமிடம் முடிந்துவிட்டது. என் கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தி ஓடும். அது என் குற்றமா?

அப்போது தாய் வாலைத் தூக்கிக்கொண்டு கீழே போனது. வால் போனால் பத்து நிமிடம் கடல் எங்களுடையது, இது எல்லா ஓட்டிக்கும் தெரியும். பத்து நிமிடத்துக்குக் குறைந்து அது மேலே வராது. அதற்குள் ஓடிப்போய் அது எழும்பப்போகிற இடத்தில் நிற்கிறவன்தான் கெட்டிக்காரன். ஓடினேன். குட்டி எதையும் நான் காணவில்லை. மெற்றில்டா ஏதோ கத்தினாளாம். நாற்பது குதிரை இஞ்சின் முதுகுக்குப் பின்னால் உறுமும்போது யார் கத்தினால் யாருக்குக் கேட்கும்? எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அவ்வளவுதான். எழுதியது எமிலியான்தான். வேறு யாருக்கு என்னோடு வயிற்றெரிச்சல்?

மார்ச் 7, வெள்ளி

விடிய ஐந்தரைக்கு எட்டுப் பேரோடு வெளிக்கிட்டேன். மெற்றில்டா வரவில்லை. முழங்கால் நோவாம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நோகிறது. கோயிலுக்கு நடக்கும்போது நோகவில்லை, படகில் ஏறத்தான் நோகிறது.

படகில் ஆட்களோடு ஆங்கிலம் பேசுகிறவள் அவள்தான். கொன்வென்ரில் படித்தவள். எத்தனை திமிங்கிலம், எத்தனை தரம் ஊதியது, எத்தனை மணிக்கு வால் போனது என்று தாளில் குறிப்பதும் அவள்தான். இன்று நான் தனியாக, "பிக் மதர், பிக் மதர்" என்று கையை அகட்டிக் காட்டினேன். ஒரு ஜெர்மன்காரி தன் தாயைத்தான் சொல்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு நீலத்திமிங்கிலம், தூரத்தில். ஓங்கில் கூட்டம், வெள்ளைக்காரர் டொல்பின் என்பது, படகுக்கு முன்னால் கொஞ்ச நேரம் குதித்துக் காட்டிவிட்டுப் போனது. புறாத்தீவில் ஆலாக்குருவிகள் தலையில் எச்சம் போட்டன. இறங்கும்போது எல்லோரும் நன்றி சொன்னார்கள். நன்றாக இருந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.

இதையும் எழுதிவிட வேண்டும், பிறகு ஒளித்தேன் என்று சொல்வார்கள். போன சனிக்கிழமை பின்னேரம் புரொப்பல்லரை மாற்றினேன். ஒரு இதழின் நுனி மடங்கியிருந்தது. புறாத்தீவுக் கல்லில் பட்டிருக்கும். தண்டைச் சுற்றி வெள்ளையாக ஏதோ இறுகிக் கிடந்தது. பழைய நைலோன் என்று கத்தியால் வெட்டி மணலில் எறிந்தேன். அதற்கு இரண்டு காகங்கள் சண்டை பிடித்தன. பழைய புரொப்பல்லர் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஓலைக்குள் கிடக்கிறது. பழைய சாமான்காரன் வந்தால் கொடுக்கலாம்.

மார்ச் 8, சனி

மத்தியானம் பாணும் சம்பலும். தவக்காலத்தில் இறைச்சிதானே இல்லை, மீனுக்கு என்ன வந்தது என்று கேட்டேன். "இந்த முறை மீனும் இல்லை" என்றாள். கடற்காரன் வீட்டில் மீன் இல்லை!

மார்ச் 11, செவ்வாய்

இன்று அடித்தேன். மறைக்கவில்லை, எழுதுகிறேன்.

எங்கள் கரையில் படகை இறக்கும்போது பகையாளிகூட வந்து தோள் கொடுப்பான். ஒரு படகுக்கு ஆறு பேர் வேண்டும், கோபத்தைப் பார்த்தால் ஒருவரும் கடலுக்குப் போக முடியாது. விடிய எமிலியானின் படகைத் தள்ளக் கூப்பிட்டார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"என்ன அத்தான், சுகமில்லையோ?" என்று கேட்டான் அவன். அந்தக் குரல்தான் எனக்குக் கோபத்தை ஏற்றியது. ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி.

"யூதாசுக்குக்கூட முப்பது வெள்ளிக்காசு கிடைச்சுது. உனக்கு என்னடா கிடைச்சுது, காகிதம் எழுதிப் போட்டு?"

"என்ன காகிதம்?"

"நடிக்காத! என்ர சோத்தில மண்ணள்ளிப் போட்டிட்டு என்ர முகத்தையே பாத்துக் கேக்கிறியோ?"

அவன் வாயைத் திறந்தான், பிறகு மூடிக்கொண்டான். ஏதோ ஞாபகம் வந்த முகம். குற்றம் செய்தவனுக்கு முகம் அப்படித்தான் மாறும். விட்டேன் ஒரு அறை. அவன் படகில் ஏற நின்ற வெள்ளைக்காரர்கள் பத்துப் பேரும் பார்த்தார்கள். ஒருத்தி படம்கூட எடுத்தாள்.

"முடிஞ்சுதா அத்தான்?" என்றான். "வெயில் ஏறுது. சனம் நிக்குது."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவனுடைய படகு இறங்கியபின் என் படகைத் தள்ள வந்து நின்றான். கன்னத்தில் என் ஐந்து விரலும் சிவப்பாக இருக்க, என் படகுக்குத் தோள் கொடுத்தான். போடா என்று சொல்ல ஏலவில்லை, தள்ள ஆள் போதாது. பல்லைக் கடித்துக்கொண்டு அவனுக்குப் பக்கத்திலேயே நின்று தள்ளினேன். இப்படி ஒரு அவமானத்தை எனக்கு ஒருவரும் செய்ததில்லை.

மார்ச் 12, புதன்

மெற்றில்டா புட்டு அவித்துக்கொண்டே கேட்டாள்.

"அடிச்சனீங்களாமே?"

"ஓம்."

"அவன்தான் எழுதினதெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"வேற ஆர்? மூண்டு நாள் அவன்ர சீலைதான் ஏறினது. மூண்டாம் நாள் நான் முந்தினது பொறுக்கேல்லை."

"எமிலியான் ரெண்டாம் வகுப்போட நிண்டவன். அவனுக்குத் தன்ர பேரே ஒழுங்கா எழுத வராது."

"ஆரையும் பிடிச்சு எழுதுவிச்சிருப்பான். உன்ர தம்பியெண்டா உனக்கு வக்காலத்து!"

அவள் புட்டுக்குழலைத் தட்டிய தட்டில் பாதி நிலத்தில் விழுந்தது. கோழிகளுக்கு லாபம்.

தில்லையம்பலம் ஒரு சாட்சிக் கடிதம் எழுதித் தந்திருக்கிறார். 'அன்று நான் படகில் இருந்தேன். படகு நூறு மீற்றர் தள்ளியே நின்றது. குட்டி எதுவும் இருக்கவில்லை.' கீழே மெற்றில்டா கையெழுத்துப் போட வேண்டும். அன்று படகில் இருந்த எங்கள் ஆள் அவள் ஒருத்திதான். அவள் கையெழுத்து இருந்தால் விசாரணை அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும் என்றார். நீட்டினேன். "அதில வையுங்கோ, பாப்பம்" என்றாள்.

மார்ச் 15, சனி

கையெழுத்து இன்னும் போடவில்லை. பேனை எழுதவில்லையாம். இதே பேனையால்தான் நான் இதை எழுதுகிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

ஆறு பேரோடு போனேன். கோணேசர் மலை பின்னால் சிறுத்துக்கொண்டு வர, கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்தது. ஏழரை மணிக்கு நான்தான் முதலில் கண்டேன். சீலையை உயர்த்தினேன். எமிலியான் உட்பட நாலு படகும் நின்றன. பதினேழு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக எனக்குச் சந்தோசம் வந்தது. பெரிய ஊது ஒன்று. அதற்குப் பக்கத்தில் சின்ன ஊது ஒன்று.

இஞ்சினை நிறுத்தினேன். தாய் தள்ளித்தான் நின்றது. தாய்க்கு அறிவிருக்கிறது. சின்னதுக்கு இல்லை. அது தானாக என் படகை நோக்கி வந்தது. இருபது அடி, பதினைந்து அடி. சனம் எல்லாம் ஒரு பக்கம் சாய, படகு சரிந்தது. முதுகு மேலே வந்தது. பின் பக்கத்தில், செட்டைக்கு முன்னால், மூன்று வெட்டு. ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளி, கோடு போட்டதுபோல. இரண்டு ஆறி வெள்ளையாகியிருந்தது. மூன்றாவது ஆறவில்லை, சுற்றிச் சின்ன மீன்கள் கொத்திக்கொண்டிருந்தன.

ஒரு கிழவர் வெட்டைக் காட்டி என்ன என்று கேட்டார். "ஷார்க்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் இஞ்சினைப் பார்த்தார். கிழடுகளுக்கு எல்லாவற்றையும் பார்க்கத்தான் வேண்டும்.

எனக்குத் தந்த பதினைந்து நிமிடத்தில் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. துடுப்பால் வலித்துத் தள்ளிப் போன பிறகுதான் இஞ்சினைப் போட்டேன். வெயில் கடுமையாக இருந்தது, அதனால் திரும்பினேன்.

மெற்றில்டா கேட்டாள், "கண்டனீங்களோ?" என்று.

"எதை?"

"ஒண்டுமில்லை" என்றாள்.

மார்ச் 19, புதன்

காற்று. போகவில்லை. மற்றப் படகுகளெல்லாம் போயின.

மார்ச் 22, சனி

எமிலியானின் படகுக்குள் கிடந்த சிவப்புச் சீலையை நேற்றுப் பின்னேரம் எடுத்துவந்து அடுப்பில் போட்டேன். சீலை இல்லாமல் எப்படி உரிமை கேட்பான், பார்ப்போம் என்று.

இன்று ஆறே முக்காலுக்கே உயர்த்திவிட்டான். சிவப்பில் மஞ்சள் பொட்டு. அந்தத் துணியை எனக்குத் தெரியும். போன வருசம் மடு மாதா திருநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்த சீத்தைத் துணி. மெற்றில்டா அதில் சட்டை தைத்தாள். அந்தச் சட்டை இப்போது எமிலியானின் கம்பில் பறக்கிறது!

வீட்டுக்கு வந்து கத்தினேன். அண்டை அயலெல்லாம் கேட்டிருக்கும். என் வீட்டுக்குள்ளேயே எனக்குப் பகை என்றேன். எனக்குச் சமைக்கிற கையே அவனுக்குக் கொடி கொடுக்கிறது என்றேன். அவள் காய வைத்த உடுப்பை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் எரிச்சது நான் தைச்சுக் குடுத்த சீலை. அதுக்குப் பதில் இன்னொண்டு குடுத்தன்" என்றாள். "கடல்ல ஒழுங்கெண்டு ஒண்டு இருக்கோணும்."

அவள் எனக்கு ஒழுங்கு சொல்கிறாள். சாட்சிக் கடிதம் சாமிப்படத்துக்கு முன்னால் அப்படியே கிடக்கிறது. மெழுகுதிரி உருகி அதன் மேல் ஒரு பொட்டு.

மார்ச் 26, புதன்

காரியாலயத்துக்குப் போனேன். முறைப்பாட்டை வாசிக்க விடுவார்கள், கொண்டுபோக விடமாட்டார்கள். அதிகாரிப் பெண் ஒருவர் கதிரை தந்தார். கடையில் கொடுத்து ரைப் அடித்திருக்கிறான், கையெழுத்தை வைத்துப் பிடிக்க வழியில்லை. இரண்டு பக்கம். முக்கியமான இடங்களை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வந்தேன். அதை இங்கே எழுதுகிறேன்.

'வால் போனபின் பத்து நிமிடம் கடல் தங்களுடையது என்று ஓட்டுநர்கள் நினைக்கிறார்கள். அது தாய்க்குச் சரி. பால்குடிக்கிற குட்டி ஆழத்துக்குப் போகாது. தாய் வரும்வரை அது மேல் நீரிலேயே நிற்கும். இதை யாரும் இவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. இனியாவது சொல்லிக் கொடுக்க வேண்டும்.'

இது எமிலியானுக்கு எப்படித் தெரியும்? யாரோ படித்தவன் எழுதிக் கொடுத்திருக்கிறான்.

'படகு குட்டியின் மேல் ஏறியபோது ஒரு முறை தூக்கிப் போட்டது. திரும்பிப் பார்த்தபோது நீர் சிவப்பாக இருந்தது. ஓட்டுநர் நிறுத்தவில்லை.'

'அன்று பின்னேரமே புரொப்பல்லர் மாற்றப்பட்டது. பழையது அவருடைய வளவில் கோழிக்கூட்டுக்குப் பின்னால் இருக்கிறது.'

பார்த்தீர்களா! வேலியால் எட்டிப் பார்த்திருக்கிறான். பொறுக்கி. என் வளவுக்குள் நுழைந்து ஓலையைக் கிளறியிருக்கிறான்.

ஆனால் கடைசிப் பந்தி, முடிவில் உள்ள நாலு வரி, எனக்கு நல்லது. அதைத் தில்லையம்பலத்துக்கும் காட்டினேன், அவருக்கும் சந்தோசம். 'படகில் இருந்த பெண், குட்டி நிற்கிறது, நிறுத்துங்கள் என்று இரண்டு தரம் கத்தினார். இயந்திரச் சத்தத்தில் ஓட்டுநருக்கு அது கேட்டிருக்காது. அவர் வேண்டுமென்று செய்கிற மனிதர் அல்ல. இதைக் கவனத்தில் எடுக்கவும்.'

முறைப்பாடு கொடுத்தவனே சொல்கிறான், கேட்டிருக்காது என்று!

மார்ச் 27, வியாழன்

விடிந்ததும் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் ஓலையைத் தூக்கினேன். புரொப்பல்லர் இல்லை. எமிலியான்தான் தூக்கியிருக்கிறான் என்று கத்தியை எடுத்துக்கொண்டு வேலிப் படலைவரை போய்விட்டேன்.

"நில்லுங்கோ" என்றாள் மெற்றில்டா. "அது அலுமாரிக்குள்ள இருக்கு. என்ர கலியாணச் சீலைக்குக் கீழ."

"ஏன்?"

"உங்கட கையில கிடைச்சா கடலுக்குள்ள போயிடும்."

 அவள் ஈர்க்குமாறைச் சுவரில் சாத்திவிட்டு, கையைச் சட்டையில் துடைத்தாள்.

"எமிலியானில கை வைக்காதேங்கோ இனி. நான்தான் எழுதினது."

சும்மா சொல்கிறாள், தம்பியைக் காப்பாற்றுகிறாள் என்று சொன்னேன். அவள் முதல் பந்தியிலிருந்து சொல்லிக்கொண்டே போனாள், மனப்பாடம். எங்கே காற்புள்ளி வருகிறது என்றுகூட அவளுக்குத் தெரிந்தது. பாதியில் போதும் என்றேன்.

இருபத்திரண்டு வருசம். ஒரே மகன் கட்டாரில். இந்த வீட்டில் நானும் அவளும்தான். எனக்கு எதிராகக் காகிதம் எழுதி, அன்று படகில் வந்த ஒருத்தி எடுத்த படத்தையும் வாங்கி, பஸ் ஏறிப் போய் ரைப் அடித்து, தபாலில் போட்டுவிட்டு, வந்து எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.  கத்தியைக் கிணற்றடியில் எறிந்தேன்.

"அப்ப அவன் ஏன் வாயை மூடிக்கொண்டு அடி வாங்கினவன்?"

"நீங்கள் காகிதமெண்டு சொன்ன உடன அவனுக்கு விளங்கிட்டுது. அந்த நேரம் அவன் இல்லையெண்டு சொல்லியிருந்தா, அடுத்து ஆரைத் தேடியிருப்பீங்கள்?"

மார்ச் 30, ஞாயிறு

அவள் முன் அறையில், நான் பின் அறையில். கடைச்சாப்பாடு. கதைக்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

அவளும் கதைக்கவில்லை. ஆனால் தேத்தண்ணி வைத்துவிட்டுப் போகிறாள். குடிக்காமல் ஊற்றினேன். பின்னேரம் வைத்ததைக் குடித்தேன். தலையிடி, அதற்காகத்தான்.

ஏப்ரல் 5, சனி

எமிலியான் கரையில் என்னைத் தனியாகப் பிடித்தான். படகுக்கு அடியில் பாசி சுரண்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அத்தான், பத்தாம் திகதி நான் வாறன். நான்தான் எழுதுவிச்சனெண்டு சொல்லப்போறன்."

"ஏன், உனக்கென்ன விசரா?"

"தொழில் போட்டியில குடுத்த காகிதமெண்டா தள்ளிப்போடுவினம். தில்லையம்பலத்தாரிட்டயும் கேட்டனான், ஓமெண்டவர். உங்கட அனுமதியும் நிக்கும். அக்கா தன்ர மனுசனைக் காட்டிக் குடுத்தவளெண்டு சனமும் கதைக்காது."

"எனக்கு உன்ர தயவு தேவையில்லை."

"உங்களுக்கு ஆர் செய்யிறது?" என்றான். முதல் தடவையாகக் குரல் ஏறியது. "உங்களை எனக்கு ஒருநாளும் பிடிச்சதில்லை அத்தான். கலியாணத்தண்டே அம்மாட்டச் சொன்னனான், இந்த ஆள் வேண்டாமெண்டு. அந்தக் குட்டியின்ர வெட்டை நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன். இது அக்காவுக்காக. நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தாக் காணும். அதுவும் ஏலாதோ?"

போய்விட்டான். சுரண்டிய பாசியெல்லாம் காலில்.  ஒரு பக்கம் அனுமதி கையில் கிடைத்த மாதிரி ஆறுதல். மறு பக்கம் அவனை இன்னொரு தரம் அறைய வேண்டும் போல இருந்தது. இனி ஒவ்வொரு நாளும் கடலுக்குப் போகும்போது, இது எமிலியான் போட்ட பிச்சை என்று அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும்.

ஏப்ரல் 9, புதன்

மெற்றில்டா என் வெள்ளைச் சட்டையைச் சுருக்கம் போக அழுத்தினாள். பின்னேரம் நாலு மணி. பன்னிரண்டு நாளுக்குப் பிறகு கதைத்தாள்.

"நானும் நாளைக்கு வருவன். கேட்டா உண்மையைச் சொல்லுவன். கேக்காட்டி வாய் திறக்க மாட்டன். உங்களுக்காக என்னால ஏலுமானது அவ்வளவுதான்."

"அலுமாரித் திறப்பு?"

"வழக்கமான ஆணியில தொங்குது. புரொப்பல்லரைத் தூக்கிக் கடல்ல போடுறதெண்டாலும் போடுங்கோ. நான் இனி ஒளிச்சு வைக்க மாட்டன். களைச்சுப் போனன்."

பிறகு ஒன்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை. "கடைசிப் பந்தியில, எனக்குக் கேட்டிருக்காதெண்டு எழுதினது எதுக்கு?"

அவள் அழுத்துப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அப்பிடித்தானே இருக்கோணும்" என்றாள். "கேட்டிட்டு ஓடின ஆளோட நான் எப்பிடி இருக்கிறது?"

ஏப்ரல் 10, வியாழன்

போகும்போது யூரியாப் பை ஒன்றைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனேன். அதற்குள் புரொப்பல்லர். வழியில் எறிந்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். வழி முழுக்கக் கடல்தான். எறியவில்லை, கை வரவில்லை.

காரியாலயத்தில் நீட்டு மேசை. விசாரணை அதிகாரி மெலிந்த மனிதர், கண்ணாடியை நெற்றியில் தூக்கி விட்டிருந்தார். ஒரு பக்கம் நானும் தில்லையம்பலமும். பின்னால் மர வாங்கில் மெற்றில்டா, கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. கதவடியில் எமிலியான், தோய்த்த சாரமும் சட்டையும்.

அதிகாரி முறைப்பாட்டை வாசித்தார். முடிந்ததும் எமிலியான் முன்னுக்கு வந்தான். "ஐயா, இதைக் குடுத்தது நான்தான். எனக்கும் அத்தானுக்கும் தொழிலில போட்டி. கோவத்தில ஒராளைக் கொண்டு எழுதுவிச்சன். குட்டி எங்கையோ கப்பல்ல அடிபட்டிருக்கும்."

அதிகாரி அவனை மேலும் கீழும் பார்த்தார். "அப்படியென்றால் இது பொய் முறைப்பாடா?"

"ஓம் ஐயா. மன்னிக்கோணும்."

"பொய் முறைப்பாட்டுக்கு உங்கள் மேல் நடவடிக்கை எடுக்கலாம், தெரியுமா? உங்கள் அனுமதியும் போகலாம்."

எமிலியான் இதை எதிர்பார்க்கவில்லை. தில்லையம்பலமும் எதிர்பார்க்கவில்லை, தொண்டையைச் செருமினார். எமிலியான் ஒரு தரம் பின்னால் அக்காவைப் பார்த்தான். "எடுங்கோ ஐயா" என்றான்.

அதிகாரி பேனையின் மூடியைக் கழற்றினார். எழுதத் தொடங்கிவிட்டார். நான் பேசாமல் இருந்தால் முடிந்தது. என் அனுமதி நிற்கும், அவனுடையது போகும். ஒரு மாதத்துக்கு முன் இதைத்தான் நான் கேட்டிருப்பேன், முழங்காலில் நின்று கேட்டிருப்பேன்.

எனக்குப் பொறுக்கவில்லை. இவன் எனக்கு அடி வாங்குவான், இவன் என் படகைத் தள்ளுவான், இப்போது இவன் தொழிலையும் எனக்குத் தந்துவிட்டுக் கைவீசிக்கொண்டு போவான், நான் காலம் முழுக்க அதைத் தின்ன வேண்டும். அந்தக் கோபத்தில்தான் எழும்பினேன், வேறு ஒன்றுக்குமில்லை. இதை வாசிக்கிறவர்கள் வேறு மாதிரி நினைக்கக் கூடாது.

"எழுதாதேங்கோ ஐயா" என்றேன். "இவன் பொய் சொல்லுறான். இவனுக்கு ஒரு இழவும் தெரியாது."

தில்லையம்பலம் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "இருடா பத்தி, இரு!" கையைத் தட்டிவிட்டேன். பையை மேசையில் வைத்துக் கவிழ்த்தேன். புரொப்பல்லர் விழுந்த சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மடங்கிய இதழின் அடியில் இன்னும் கொஞ்சம் வெள்ளை காய்ந்து ஒட்டியிருந்தது.

"இது நைலோன் இல்லை ஐயா" என்றேன்.

அதிகாரி அதைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதினது என்ர மனுசி. அதில இருக்கிறதெல்லாம் உண்மை. ஒரேயொரு பிழை இருக்கு. அதை மட்டும் திருத்தோணும்."

"என்ன பிழை?"

பின்னால் கைப்பையின் கொளுக்கி ஒரு தரம் திறந்து மூடிய சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"எனக்குக் கேட்டது ஐயா. ரெண்டு தரமும் கேட்டது."

அதிகாரி கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்தார். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார், எழுதுவதற்காக. இன்னொரு தரம் சொன்னேன். அனுமதியை அங்கேயே வாங்கி வைத்துவிட்டார்கள். தீர்ப்புப் பிறகு வருமாம், ஆனால் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. எமிலியானை எச்சரித்து அனுப்பினார்கள். வெளியே வந்து, "உங்களுக்கு விசர்தான் அத்தான்" என்றான். "போடா" என்றேன்.

மெற்றில்டா பஸ்ஸில் போய்விட்டாள். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்து வந்தேன். வீட்டில் அவளைக் காணவில்லை. தம்பி வீட்டுக்குப் போயிருக்கலாம், கோயிலுக்குப் போயிருக்கலாம். அடுப்படியில் தேத்தண்ணி இல்லை. இருபத்திரண்டு வருசத்தில் அவளிடம் நான் பறித்தது எதுவென்று இன்றைக்குத்தான் எனக்கு விளங்குகிறது. எனக்குக் கேட்டிருக்காது என்ற நம்பிக்கை ஒன்றுதான் அவளுக்கு மிச்சமிருந்தது, நேற்று அதை அவள் வாயாலேயே சொன்னாள், அழுத்துப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு.

சாட்சிக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். இந்தக் கொப்பியை நாளைக்குக் கொண்டுவந்து தரச் சொல்லியிருக்கிறார்கள். முதலிலிருந்து வாசித்துப் பார்த்தேன். மார்ச் ஆறாம் திகதிப் பக்கத்தில், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். அது பொய். அதை வெட்டவில்லை, அப்படியே விடுகிறேன். நான் எழுதியது என்று தெரியட்டும்.